திரையில் என்ன எழுதியிருக்கு, சித்தி?

அக்கா மகன் கணினித் துறையில் வேலை பார்க்கிறான். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட முயன்று மாட்டிக்கொண்ட அன்று அவனைத்தான் போனில் கூப்பிட்டேன். "வேலை செய்ய மாட்டேங்குதுடா" என்றேன். "திரையில் என்ன எழுதியிருக்கு, சித்தி? ஒரு எழுத்து விடாம வாசிங்க" என்றான். கறுப்புத் திரையில் ஏதோ வெள்ளை எழுத்து இருந்தது தெரியும், அதைப் படிக்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. வாசித்தேன். கணினியைத் துவக்கத் தகுந்த சாதனம் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. "சரி, பென்டிரைவ் இருக்கிறதே அதுக்குத் தெரியலையா, தெரிஞ்சும் உள்ளே ஒண்ணும் கிடைக்கலையா? ரெண்டில் எதுன்னு பாருங்க, அப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டான்.

அப்போது கோபம்தான் வந்தது. ஆனால் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளை நான் கற்றுக்கொண்ட விதம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. அதன் பிறகு அவனை நான் கூப்பிட்டது குறைவு.

என் தொழில் மெய்ப்புப் பார்ப்பது. கணினி எனக்குத் தட்டச்சு செய்யவும் பிடிஎஃப் திறக்கவும் மட்டும்தான். இருந்தது 4 ஜிபி நினைவகமும் பழைய வகை ஹார்டு டிஸ்கும் கொண்ட மடிக்கணினி. அதிலிருந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோயின. புதிய பதிப்பை அது ஏற்காது. விசைப்பலகை நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மிண்ட் 2 ஜிபி நினைவகத்திலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி என்று படித்தேன். அதன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். என் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

அக்கா மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கணினியை இயக்கியதும் எஃப்12 அழுத்தினால் எதிலிருந்து துவங்குவது என்று ஒரு பட்டியல் வந்தது. சில கணினிகளில் இது எஃப்9, எஸ்கேப் என்று வேறு விசையாக இருக்கும். பட்டியலில் பென்டிரைவின் பெயர் இருந்தது. அப்படியானால் கணினிக்கு அது தெரிகிறது, உள்ளேதான் ஏதோ குறை. நான் செய்தது, ஏறக்குறைய 3 ஜிபி இருந்த, ஐஎஸ்ஓ எனப்படும் நிறுவல் கோப்பை ஒரு படத்தையோ பாட்டையோ போல பென்டிரைவில் நகலெடுத்தது. கணினியில் முதலில் விழித்துக்கொள்ளும் சிறிய மென்பொருளுக்கு அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பு. அதைத்தான் அது தேடும். ஐஎஸ்ஓவுக்குள் அவை எல்லாம் இருக்கின்றன, ஆனால் மூட்டை கட்டி வைத்தபடி. எட்சர், ரூஃபஸ் போன்ற கருவிகள் அந்த மூட்டையை அதன் அமைப்போடு பென்டிரைவில் எழுதுகின்றன. அப்படி எழுதும்போது பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் போய்விடும், ஆகவே காலியானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு மாலை முழுதும் ஆனது. 'ரூஃபஸில் போடு' என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் கணினி எப்படி விழிக்கிறது என்று தெரியாமலே இருந்திருப்பேன். பின்னால் இரண்டு முறை அந்த அறிவுதான் கைகொடுத்தது.

அடுத்தது நிறுவல் பாதியில் நின்றது. இந்த முறை செய்தியை முழுதாகப் படித்தேன். ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்று சொன்னது. பென்டிரைவ் கெட்டுப்போனதா, இறக்கிய கோப்பே சேதமா? இதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஐஎஸ்ஓவை வெளியிடுபவர்கள் அதனுடன் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணையும் தருகிறார்கள். 64 எழுத்துகள், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்திருக்கும். நம் கோப்பிலிருந்து அதே எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் முழு எண்ணும் மாறிவிடும். என்னுடையது ஒத்துப்போகவில்லை. இணையம் நடுவில் விட்டுப்போய் இறக்கம் கோணலாகியிருந்தது. மறுபடி இறக்கி, ஒப்பிட்டு, சரியென்று கண்டபின்தான் எழுதினேன். இப்போதும் இதைத் தவிர்ப்பதில்லை. லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் என்று ஒரு கட்டளை, விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

பென்டிரைவிலிருந்து துவங்கும்போது உடனே நிறுவ வேண்டியதில்லை. வன்வட்டைத் தொடாமலே அப்படியே பயன்படுத்திப் பார்க்கலாம், 'லைவ்' என்று இதைச் சொல்கிறார்கள். நான் இரண்டு நாள் அப்படியே வைத்துப் பார்த்தேன். ஒலி வந்தது, கேமரா வந்தது, வைஃபை வரவில்லை. எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை கணினிக்குள் என்னென்ன சில்லுகள் இருக்கின்றன என்று பட்டியலிடும். அதில் வைஃபை சில்லுக்கு எதிரே இருந்த அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு தேடினேன். மடிக்கணினியின் மாடலைப் போட்டுத் தேடியபோது ஒன்றுக்கொன்று முரணான இருபது விடைகள் வந்தன. அதே மாடலில் வேறு வேறு சில்லுகள் போட்டு விற்பார்கள் என்பதால் அது இயல்புதான். சில்லின் எண்ணைப் போட்டபோது ஒரே விடை. அந்தச் சில்லை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் மூலநிரல் திறக்கப்படாதது, தனியாக நிறுவ வேண்டும். நிறுவ இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். கைப்பேசியை யுஎஸ்பி வடத்தில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் எந்த டிரைவரும் கேட்காமல் வேலை செய்கிறது. அதன் பிறகு மிண்டிலுள்ள டிரைவர் மேலாளரில் ஒரு சொடுக்குதான்.

நிறுவும் முன்பு பேக்கப் எடுத்தேன், வெளி வட்டில். எடுத்ததைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு ஃபோல்டர் பாதியிலேயே நின்றிருந்ததை மூன்று மாதம் கழித்துத்தான் கண்டேன். மூன்று ஆண்டுக் கணக்குக் குறிப்புகள் போய்விட்டன. நகலெடுத்து முடிந்ததும் அங்கிருந்தே பத்துப் பதினைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஃபோல்டரின் மொத்த அளவை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். அதுவரை அதைப் பேக்கப் என்று நம்பாதீர்கள்.

பழைய இயங்குதளத்தை உடனே அழிக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். அப்போதுதான் கடிகாரம் தொல்லை கொடுத்தது. லினக்ஸில் நேரம் சரியாக இருக்கும். பழையதற்குப் போனால் சில மணி நேரம் தள்ளியிருக்கும். அங்கே சரிசெய்துவிட்டு இங்கே வந்தால் இங்கே தவறு. மின்கலம் தீர்ந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். கணினியின் தாய்ப்பலகையில் கடிகாரத்துக்கென்று ஒரு சிறிய மின்கலம் உண்டு. பழைய கணினி, தீர்ந்திருக்கலாம். வாங்கி மாற்றும் முன்பு, இரண்டு நாள் வித்தியாசத்தை நோட்டில் எழுதிவைத்தேன். மின்கலம் பலவீனமானால் நேரம் கோணல்மாணலாக நழுவ வேண்டும். இங்கே ஒவ்வொரு முறையும் வித்தியாசம் நிமிடம் பிசகாமல் ஒன்றே. அந்த அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் இருக்கும் இடத்தின் நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது!

அங்கேயே முடிச்சு அவிழ்ந்தது. தாய்ப்பலகைக் கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது, உள்ளூர் நேரத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டுகிறது. மற்றது அந்தக் கடிகாரத்தில் இருப்பதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டும் மாறி மாறி ஒரே கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருந்தன. டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையில் ஒரு தேர்வை மாற்றினால் லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும். மாற்றினேன். அது அவ்வளவு நல்ல ஏற்பாடு அல்ல என்று அந்தக் கட்டளையே ஓர் எச்சரிக்கை தந்தது. உண்மைதான். பழையதை முழுதாக நீக்கிய அன்று அதைத் திருப்பி வைத்தேன். இந்தப் பிரச்சினைக்கு விடை எங்கும் கிடைக்கும், தேடினால் ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த வித்தியாசத்தை நானே அடையாளம் கண்ட கணத்தில் கிடைத்த மகிழ்ச்சி அந்த வாரம் முழுதும் இருந்தது.

இனி, நான் செய்த பெரிய தவறு.

ஒரு ஃபோல்டரில் கோப்பைச் சேமிக்க முயன்றேன், அனுமதி இல்லை என்றது. அது என் ஃபோல்டர், என் கணினி, எனக்கே அனுமதி இல்லையா என்று எரிச்சல். யாரோ எழுதிவைத்திருந்த ஒரு வழி கிடைத்தது. கட்டளையை உயர் உரிமையோடு இயக்கும் சூடோ என்ற சொல்லில் தொடங்கி, அனுமதிகளை மாற்றும் சிஎச்மாட், 777 என்றெல்லாம் வரும் ஒரு வரி, கடைசியில் ஃபோல்டரின் முகவரி. என் முகவரியை நானே தட்டினேன். முதல் சாய்கோட்டுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.

லினக்ஸில் தனிச் சாய்கோடு என்றால் முழு அமைப்பின் வேர். எல்லாக் கோப்புகளும் அதற்குக் கீழேதான். இடைவெளி விட்டதால் கட்டளை இரண்டு முகவரிகளைப் பெற்றது. ஒன்று வேர், இன்னொன்று இல்லவே இல்லாத ஒரு ஃபோல்டர். கணினியிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், இயக்கலாம் என்று அது மாற்றத் தொடங்கியது. நிறுத்தியபோது நேரம் கடந்திருந்தது. சூடோவே வேலை செய்யவில்லை. அந்த நிரல் உயர் உரிமையோடு இயங்க அதன் மேல் ஒரு சிறப்புக் குறி இருக்க வேண்டும், அதைத்தான் 777 அழித்துவிட்டது. சரிசெய்ய உயர் உரிமை வேண்டும், உயர் உரிமைக்கு சூடோ வேண்டும்.

பென்டிரைவை மறுபடி செருகி, லைவாகத் துவங்கி, என் கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுத்து (இந்த முறை திறந்தும் பார்த்தேன்), முழுதாக மீண்டும் நிறுவினேன். இரண்டாம் முறை, என் ஆவணங்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்கு வட்டில் பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதி ஒதுக்கினேன். மறுநாள் அமைதியாக உட்கார்ந்து அந்த வரியைச் சொல் சொல்லாகப் பிரித்தேன்.

சிஎச்மாட் என்பதற்கு முன்னால் மேன் என்று தட்டினால் அதன் கையேடு திறக்கும். ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளுக்கும் இப்படிக் கையேடு கணினியிலேயே உண்டு, இணையம் தேவையில்லை. சதுர அடைப்புக்குள் இருப்பவை விரும்பினால் சேர்க்கும் தேர்வுகள். சாய்கோடு போட்டுச் சொல்லைத் தேடலாம். கியூ அழுத்தினால் வெளியே வரலாம். இது தெரியாமல் முதல் நாள், கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தையே மூடினேன். 777 என்பது மூன்று தனி எண்கள். முதலாவது கோப்பின் உரிமையாளருக்கு, இரண்டாவது அவர் குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. என் ஃபோல்டருக்கு எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், இடைவெளி விழாமல் இருந்திருந்தாலும் அது தவறான மருந்துதான். உண்மையான காரணம் வேறு. அதற்கு முந்தின வாரம் அந்த ஃபோல்டரை வெளி வட்டிலிருந்து சூடோ போட்டு நகலெடுத்திருந்தேன். அதனால் அதன் உரிமையாளர் நான் அல்ல, ரூட் என்ற உயர் உரிமைக் கணக்கு. சிஎச்ஓன் என்ற கட்டளையால் உரிமையை என் பெயருக்கு மாற்றியிருந்தால் போதும். அதைவிட, சூடோ தேவைப்படாத இடத்தில் சூடோ போடாமல் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை.

அதன் பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, பொருள் தெரியாத எழுத்து ஒன்று இருந்தாலும் அந்தக் கட்டளையை இயக்குவதில்லை. முகவரிகளைக் கையால் தட்டுவதும் இல்லை. முதல் இரண்டு மூன்று எழுத்தோடு டேப் விசையை அழுத்தினால் கணினியே நிரப்பும். நிரப்பவில்லை என்றால் அப்படி ஒன்று இல்லை அல்லது எழுத்து தவறு, அங்கேயே தெரிந்துவிடும். இயக்கிய ஒவ்வொரு கட்டளையும், ஏன் இயக்கினேன் என்பதும் நோட்டில் ஏறும். இப்போது இரண்டாவது நோட்டு. அப்புறம், மிண்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. அமைப்பின் நிலையை அவ்வப்போது பதிந்துவைத்து, கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும். புதிதாக நிறுவுபவர்கள் முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள். ஆனால் வழக்கமான அமைப்பில் அது ஹோம் ஃபோல்டரைச் சேர்ப்பதில்லை, உங்கள் ஆவணங்களுக்குத் தனிப் பேக்கப் வேண்டும்.

பிரச்சினை எந்த அடுக்கில் இருக்கிறது என்று கேட்கப் பழகியது இன்னும் பெரிய உதவி. நான் பயன்படுத்துவது ஒரே மென்பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். அடியில் இருந்து வன்பொருளை இயக்கும் மையப் பகுதியான கெர்னல் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. நான் தட்டும் சிறு கட்டளைகளில் பல, 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தில் உருவானவை. தொகுப்புகளை நிறுவும் முறை 1993இல் தொடங்கிய டெபியனிலிருந்து வந்தது. அதன் மேல் உபுண்டு, அதன் மேல் மிண்ட். மேசைத்தளத்தை உருவாக்குவது வேறொரு குழு, லிப்ரேஆபிஸை உருவாக்குவது மற்றொரு குழு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கையேடு, தனிப் பதிவுக் கோப்பு, கேள்வி கேட்கத் தனி இடம். நிரலைப் படித்துப் பார்க்கும் சுதந்திரம் என்று கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களில் ஒன்றைச் சொல்வார்கள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் அந்தச் சுதந்திரம் எனக்கும் பயன்படுகிறது, படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக் காரணத்தை எழுதிவைத்திருக்கிறார்கள்.

லிப்ரேஆபிஸில் ஒரு சின்ன உதாரணம். பத்தி பாணியில் எழுத்துருவை மாற்றினேன், ஆங்கிலம் மாறியது, தமிழ் அசையவில்லை. எழுத்துரு கெட்டதா? வேறு மென்பொருளில் அதே எழுத்துரு நன்றாக வந்தது. ஆக அமைப்பில் குறையில்லை, லிப்ரேஆபிஸுக்குள்தான். அதன் உதவிப் பக்கங்களில் விடை இருந்தது. ஒரே பாணியில் மேற்கத்திய எழுத்துக்கு ஓர் எழுத்துருவும், சிடிஎல் எனப்படும் சிக்கலான எழுத்தமைப்புக்கு இன்னோர் எழுத்துருவும் தனித்தனியாக வைக்க முடியும். தமிழ், இந்தி, அரபு எல்லாம் இரண்டாவதில் வரும். விருப்பத் தேர்வுகளில் மொழி அமைப்புக்குப் போய் அதை இயக்கி, பாணியில் அதற்கான இடத்தில் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தேன். இப்போது மெய்ப்பு வேலை முழுக்க அதில்தான்.

பிறரிடம் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டிருக்கிறேன், முகம் தெரியாதவர்கள் பொறுமையாக உதவியிருக்கிறார்கள். கேட்கும் முன்பு நான்கு விஷயங்களை எழுதிக்கொள்வேன். எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. பிழைச் செய்தியைச் சுருக்காமல் அப்படியே சேர்ப்பேன். நான்காவதை எழுதும்போதே விடை தெரிந்துபோய் அனுப்பாமல் விட்டவை நோட்டில் ஏழெட்டு இருக்கின்றன.

இப்போது கையிலிருப்பது தூக்கப் பிரச்சினை. மூடியை மூடினால் கணினி உறங்குகிறது. திறந்தால் சில நேரம் விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது. அந்த நிலையில் கேப்ஸ்லாக் விசையை அழுத்திப் பார்த்தேன், அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறது. அப்படியானால் கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது. மறுபடி துவக்கி, முந்தைய துவக்கத்தின் பதிவை ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை கொண்டு பார்த்தேன். உறக்கத்துக்குள் போனதும் பதிவாகியிருக்கிறது, உறக்கத்திலிருந்து வெளியே வந்ததும் பதிவாகியிருக்கிறது. விழிக்காதது திரை மட்டுமே. அடுத்த நாள் துவக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஐந்து முறை மூடித் திறந்தேன், ஐந்து முறையும் திரை வந்தது. புதிய கெர்னலில் ஐந்தில் இரண்டு முறைதான். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு பதிப்பை நேற்று இரவு நிறுவினேன். நோட்டில் ஐந்து கட்டம் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் மூடியை மூடவில்லை.